வாடகை உச்சவரம்பு: சட்டத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

வாடகை தாறுமாறாக ஏறும் ஊரில் ‘உச்சவரம்பு வை’ என்ற குரல் எழத்தான் செய்யும். சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுப்பவரின் கோபம் நியாயமானது. ஆனால் இந்தச் சட்டம் காப்பது ஏற்கெனவே சாவி கையில் இருப்பவரை மட்டுமே. அடுத்த மாதம் வீடு தேடி வருகிறவருக்கு அது கதவைச் சாத்துகிறது.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் வரம்பு பொருந்துமா? நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். அமெரிக்காவின் செயின்ட் பால் நகர மக்கள் 2021 நவம்பரில் வாக்களித்துக் கொண்டுவந்த விதி, ஆண்டு உயர்வை 3 சதவீதத்தில் நிறுத்தியது. புதுக் கட்டடங்களுக்கும் விலக்கு இல்லை. சில மாதங்களிலேயே கட்டட அனுமதிகள் சரிந்தன. 2022 செப்டம்பரில் நகர மன்றமே புதுக் கட்டடங்களுக்கு 20 ஆண்டு விலக்கு கொடுக்க வேண்டியதாயிற்று.

இதைக் கட்டுமான முதலாளிகளின் பேராசை என்று தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று வாடகை 100. அதில் பராமரிப்பு, வரி, காப்பீட்டுக்கு 50 போகிறது. செலவு ஆண்டுக்கு 6% ஏறுகிறது, வாடகை 3% மட்டுமே ஏறலாம். 10 ஆண்டில் வாடகை 134, செலவு 90, மிச்சம் 44. 20 ஆண்டில் வாடகை 181, செலவு 160, மிச்சம் 21. 25-வது ஆண்டில் செலவு வாடகையைத் தாண்டிவிடும். இந்த மிச்சத்திலிருந்துதான் கடன் தவணையையும் கட்ட வேண்டும். எந்த வங்கி கடன் கொடுக்கும்? கட்டி முடித்த வீடு என்றால் உரிமையாளர் முதலில் கைவைப்பது பராமரிப்பில்தான்: ஒழுகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வழி, வீட்டை வாடகைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடுவது. 1980-க்கு முன் கட்டிய சிறு அடுக்ககங்களை சான் பிரான்சிஸ்கோ 1994-ல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர்களின் கட்டுரை, குடியிருந்தவர்களுக்கு உண்மையாகவே நன்மை கிடைத்ததை மறைக்கவில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வந்த கட்டடங்களின் உரிமையாளர்கள் வீடுகளை விற்பனைக்கு மாற்றியும் இடித்துக் கட்டியும் அவற்றில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளை 15% குறைத்தார்கள்; நகரம் முழுக்க வாடகை 5.1% கூடியது என்றும் அது சொல்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறைதான் வாடகையை மாற்றலாம் என்ற விதி பார்க்கச் சாதுவாக இருக்கும். அர்ஜென்டினாவின் 2020 சட்டம் குறைந்தபட்ச ஒப்பந்தம் 3 ஆண்டு, திருத்தம் ஆண்டுக்கு ஒருமுறை என்றது. 2023-ல் அங்கே விலைவாசி 211% ஏறியது. ஆண்டுத் தொடக்கத்தில் பேசிய 100 பெசோ, ஆண்டு முடிவில் 32 பெசோவுக்குத்தான் பெறும். அதனால் உரிமையாளர்கள் முதல் மாத வாடகையையே உயர்த்திக் கேட்டார்கள், அல்லது வீட்டைப் பூட்டி வைத்தார்கள். 2023 டிசம்பரில் அந்தச் சட்டம் ரத்தானது. வாடகைக்கு வரும் வீடுகள் பெருகின.

சட்டம் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பார்த்துவிட வேண்டும். பெர்லின் மாநிலம் 2020 பிப்ரவரியில், 2014-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 2019 ஜூன் 18 நிலையில் உறைய வைத்தது. விளம்பரத்துக்கு வரும் வீடுகள் ஏறக்குறைய பாதியாகின. சட்டம் செல்லாமல் போனால் வசூலிக்க என்று, உரிமையாளர்கள் ஒப்பந்தத்திலேயே இரண்டாவதாக, கூடுதலான ஒரு ‘நிழல் வாடகை’ எழுதினார்கள். 2021 ஏப்ரலில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், வாடகைச் சட்டம் ஏற்கெனவே மத்திய அரசு வகுத்துவிட்ட துறை, மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்று அதைச் செல்லாததாக்கியது. சட்டத்தை நம்பிக் குறைவாகக் கட்டிய பலர் நிலுவையை மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. காக்க வந்த சட்டம் அவர்களைக் கடனில் விட்டது.

சந்தையை நம்புகிறவர்கள் வேறென்ன செய்யச் சொல்கிறார்கள்? நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தது. ஒரே வீடு நின்ற மனையில் ஒட்டி ஒட்டி நாலைந்து வீடுகள் எழுந்தன. கட்டட அனுமதிகள் வேகமாக உயர்ந்தன.