துருவ நட்சத்திரம் தாழ்ந்திருக்கும் ஊரில் விண்படம் எடுத்தல்

மதுரைப் பக்கம் இருந்துகொண்டு ஒண்முகில்களையும் (விண்வெளியின் வாயு, தூசு மேகங்களையும்) விண்மீன் கொத்துகளையும் படம் எடுக்க முனைபவருக்கு முதல் தடை நகரத்து வெளிச்சம் என்றே பலரும் சொல்வார்கள். என் கணக்கில் அதற்கும் முந்தையது துருவ நட்சத்திரம். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் அது நிற்கும் என்பதால், இங்கே அடிவானத்துக்கு மேல் 10 பாகையில், புழுதிப் படலத்துக்குள்ளோ தென்னை மரங்களுக்குப் பின்னாலோ அது மறைந்துவிடுகிறது.

தொலைநோக்கியைச் சுமக்கும் மவுண்டின் அச்சு, துருவ நட்சத்திரத்தை ஒட்டியுள்ள வட விண்துருவத்தை நோக்கியிருந்தால்தான் பூமியின் சுழற்சி ஈடாகும். விண்நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோட்டருகே) விண்மீன்கள் வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கின்றன, 400 மி.மீ. குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் உள்ள அமைப்பில் ஒரு பிக்சல் சுமார் 1.9 விகலைதான். அச்சு 1 பாகை விலகினால், மோட்டார் ஒழுங்காக ஓடினாலும், நிமிடத்துக்குச் சுமார் 16 விகலை வரை சறுக்கல் நேரும், விண்மீன்கள் கோடுகளாகிவிடும்.

துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால், உச்சிக்கருகே ஒரு விண்மீன் வடக்கு தெற்காக நகர்வதைப் பார்த்துத் திசைத் திருகையும், கிழக்கில் தாழ்ந்துள்ள ஒன்றைப் பார்த்து உயரத் திருகையும் சரிசெய்வது பழைய முறை. இப்போது வானின் வெவ்வேறு பகுதிகளில் எடுத்த மூன்று படங்களிலிருந்தே மென்பொருள் பிழையைக் கணித்துவிடுகிறது. சில மவுண்டுகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்கும் முன் அதன் குறைந்தபட்ச அட்சரேகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை சிரமங்களுக்கும் ஈடாகத் தென்வானம் கிடைக்கிறது. லண்டனில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி, மதுரையில் தெற்கே சுமார் 32 பாகை வரை ஏறுகிறது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் சுமார் 1 கோடி விண்மீன்கள் திரண்ட இந்தக் கோளகக் கொத்தை, 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கண்ட எட்மண்ட் ஹாலி, தனி விண்மீன் அல்லவெனக் குறித்தார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிப்ரவரித் தொடக்கத்தில், விடியற்காலை ஐந்து மணியளவில் அது உச்சத்துக்கு வரும். பனி இறங்கும் நேரமாதலால் லென்ஸைச் சுற்றி வெப்பப்பட்டை கட்டுவது அவசியம்.

நீண்ட நேரம் ஒளி வாங்கினால் கொத்தின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே 30 வினாடிப் படங்களை நிறைய எடுத்து அடுக்குவதே நல்லது. படங்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான சிதறல்) பாதியாகும். தாழ்ந்த உயரத்தில் வளிமண்டலம் நிறங்களைப் பிரிப்பதால் விண்மீன்களின் ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் நீலமும் ஒட்டிக்கொள்ளும். மூன்று நிற அடுக்குகளையும் தனித்தனியே நகர்த்திப் பொருத்தினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும்.