மூத்த தொண்டரிடமிருந்து சிறுவர் ஹாக்கிக் குழுவைக் கைமாற்றிக்கொள்வது

சம்பளமில்லாமல் பல வருடம் சிறுவர் ஹாக்கியை நடத்தியவர் ஒதுங்கும்போது சாவியும் கிட் பையும் ஒரே நாளில் கைமாறிவிடும். அவர் தலைக்குள் இருப்பது அப்படி மாறாது. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் நாலு வரிதான் வரும். ஒரு முழு சீசன் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவதே சரி.

முதலில் ஸ்டிக்குகள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி நீளவாரியாக அடுக்குங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மேல்முனை இடுப்பெலும்பு வரை வர வேண்டும். வளர்கிற பிள்ளைதானே என்று பெற்றோர் நீளமானதை வாங்கிவிடுவார்கள்; முனை வயிற்றில் இடிக்கும், பிடி கீழே இறங்கும், டிரிப்ளிங் கெடும். இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்குத் தனி ஸ்டிக் கிடையாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பந்தைத் தொடும் தட்டை முகம் எல்லோருக்கும் இடப்பக்கம்தான், இடது கைதான் மேலே.

வளைவின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். நார் பிய்ந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து டேப் சுற்றலாம். ஆனால் டேப்போடு சேர்த்து ஸ்டிக் 51 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது விதி. டேப்பின் மேல் டேப்பாகச் சுற்றிய பழைய ஸ்டிக்குகள் இங்கேதான் மாட்டும். தண்டிலேயே விரிசல் என்றால் ஒட்டுப்போடாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பணம் தின்பது கோல்கீப்பர் பை. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை. கொளுத்தும் வெயிலில் போட்டால் ஃபோம் கெட்டுப்போகும். நிழலில், காற்றாட விரித்து வையுங்கள். முதலில் அறுவது கிக்கரின் (கோல்கீப்பர் ஷூவுக்கு மேல் மாட்டும் பாதக்காப்பு) அடிப்பட்டை, ஒவ்வொரு அடிக்கும் தரையில் உரசுவதால். உதிரிப் பட்டை பையின் வெளி அறையிலேயே இருக்கட்டும். பெனால்டி கார்னரில் (கோல் அருகே தடுக்கும் அணி செய்த தவறுக்கு எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர் தடுக்கலாம் என்பதால் முகக்காப்பு 4 தேவை, கூட ஒன்று கையிருப்பு. பெஞ்சில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஓட்டம்தான். கோலுக்குப் பின்னால் வையுங்கள்.

நகர்த்தும் கோல்களின் பின்சட்டத்தில் மணல் மூட்டை இல்லாமல் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. குறுக்குக் கம்பியில் பிள்ளைகள் தொங்குவார்கள், கோல் முன்பக்கம் சாயும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இதையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். உண்மையில் கை நழுவிப்போவது எழுதாத பட்டியல்: யார் இன்ஹேலர் வைத்திருக்கிறான், எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போக அனுமதி, எந்த வீட்டில் சந்தா கேட்கக் கூடாது. கடைசி விஷயம் பெரும்பாலும் அவருக்கு மட்டுமே தெரியும். கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டியிருப்பார். புதியவர் எல்லோருக்கும் ஒரே நினைவூட்டலை அனுப்புவார், ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் நின்றுவிடும். ஆகவே சந்தா நோட்டை ஒவ்வொரு பெயராக அவரோடு உட்கார்ந்து பாருங்கள். சலுகை பெறும் பெயர்கள் உங்கள் இருவருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே வேண்டாம். மருத்துவக் குறிப்பு மட்டும் நேர்மாறு: அது மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு பெரியவர் கையிலும் இருக்க வேண்டும்.

அவர் பழக்கத்தில் மாற்ற வேண்டியதும் இருக்கும். ஒரு பிள்ளையைத் தனியாகத் தன் வண்டியில் வீட்டில் விடுவது அன்பால்தான்; இருந்தாலும் இரண்டு பெரியவர் இல்லாமல் அது வேண்டாம். அவரிடமே நேராகச் சொல்லுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்.

அடுத்த சீசனில் அவரை பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். நீங்கள் கத்தினாலும் பிள்ளைகள் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதிவு நாளில் ஸ்டிக் அளந்து கொடுக்கும் மேசையும், பதினைந்து பதினாறு வயதில் ஆட்டத்தை விடப்போகிறவர்களுக்கு விசில் கொடுத்து நடுவராக்கும் வேலையும் அவரிடமே இருக்கட்டும். ஆட்டத்துக்கு இரண்டு நடுவர் வேண்டும், அதற்குத்தான் எப்போதும் ஆள் பஞ்சம்.