ஓணானுக்கு வேலி சாட்சி

நேற்று சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலில் நின்றுகொண்டே போன் பண்ணுகிறார் மனுஷன். "சார், உங்க வீட்டு முன்னாடிதான் நிக்கிறேன். சித்திரை விழா டிக்கெட் கொண்டாந்திருக்கேன்." மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூண்டைப் பார்த்தேன். கூண்டுக்குள்ளிருந்து அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இரண்டு பச்சோந்திகள். பெரிய கொண்டை பையனின் பிறந்தநாளுக்கு வந்தது. சின்னக் கொண்டை, ஊருக்கே திரும்பிப் போன அடுத்த தெருக் குடும்பம் வெட் கிரைண்டரோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டும் ஆண். இரண்டும் ஏமன் நாட்டு ஜாதி, உச்சந்தலையில் கோபுரம் மாதிரி எலும்பு. பையன் வைத்த இங்கிலீஷ் பெயர்கள் அம்மா வாயில் நுழையாததால் கொண்டைகளாகிவிட்டன. "ராமருக்குத் தாகம்னதும் அணில் இளநீர் கொண்டாந்துச்சு, இந்தச் சனியன் மூத்திரத்தைக் கொண்டாந்துச்சு. அதைக் கொண்டுவந்து நடு வீட்டுல வச்சிருக்கியேடா" என்று டல்லாஸ் வந்து இறங்கிய அன்றைக்கே ஆரம்பித்தாள். இது வேறம்மா, ஓணான் இல்லை, பச்சோந்தி என்றால் "அது இன்னும் மோசம்" என்கிறாள். பரமக்குடியில் ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு நான் பிடித்த ஓணான்களுக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பாவமெல்லாம் கப்பலேறி டெக்சாஸ் வரைக்கும் வந்திருக்கிறது.

ஒன்றுக்குக் கூண்டு 2 அடிக்கு 2 அடி, உயரம் 4 அடி. அதற்குக் குறைந்து வைக்கக் கூடாதாம். மரத்தில் வாழ்கிற பிராணி, அகலத்தைவிட உயரம்தான் முக்கியமாம். கடையில் விலை கேட்டேன். இரண்டு கூண்டு எதற்கு, நானே 4 அடி அகலத்தில் ஒன்றைச் செய்து நடுவில் தடுத்துவிடுகிறேன் என்று வாயை விட்டேன். மனைவி சிரித்தாள். போன தீபாவளிக்கு நான் செய்த செருப்பு ஸ்டாண்டு ஞாபகம் வந்திருக்கும்.

மூன்று சனி, ஞாயிறு கராஜில் கழிந்தன. கடையில் கேட்ட விலையை இரண்டாவது வாரமே தாண்டியாயிற்று. வலையில் மிச்சம் பிடிப்போம் என்று நைலான் மாதிரி இருந்த கொசுவலையை அடித்தேன். தீனிக்கு விட்ட கிரிக்கெட் பூச்சிகள் அதைக் கடித்து ஓட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் குடியேறிவிட்டன. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு அலுமினிய வலை. கண்ணாடி போட்டால் பச்சோந்திக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் உள்ளே போகாது, அது இல்லாவிட்டால் எலும்பு வளைந்துபோகும் என்று பையன் பாடம் எடுத்தான். கணக்குப் பாடத்தில் இந்த அக்கறையில் பாதி இருந்தால் தேவலை. அந்தப் பூச்சிகளில் ஒன்று மட்டும் இன்னும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ராத்திரி முழுக்கக் கத்துகிறது. அடித்துப்போட நான் செருப்போடு போனபோது, "விடுடா, இங்க வந்து முதல் தடவையா நேத்துதான் நல்லாத் தூங்குனேன்" என்றாள் அம்மா. விட்டுவிட்டேன்.

அம்மாவின் அடுத்த புகார் தண்ணீர். "வாயில்லா ஜீவனுக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி வைக்கத் துப்பில்ல." அவர்கள் கிண்ணத்தில் குடிக்கமாட்டார்கள், துரைகள். இலையில் சொட்டு நிற்க வேண்டும், அது பளபளக்க வேண்டும், அப்போதுதான் நக்குவார்கள். அதற்கு ஒரு பம்பு, நாலு குழாய், மணிபிளாண்ட், செம்பருத்தி. முதல் நாள் அத்தனை தண்ணீரும் கார்ப்பெட்டில்.

எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்ட அன்றைக்குத்தான் சண்டை. நடுவில் நான் போட்டிருந்தது பளிங்கு மாதிரி அக்ரிலிக் தகடு. ஷோரூம் கணக்காக இருக்கட்டுமே என்று. விட்ட நிமிஷமே இரண்டும் உடம்பைத் தட்டையாக்கி, தொண்டையை உப்பி, கரியாகக் கறுத்து, புஸ் என்று சீறின. "அப்பா, இதுங்க ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது!" பார்க்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும். ஈரத்தில் ஊறாத தடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு.

கராஜில் இருந்தது தேர்தல் போர்டுதான். நம் ஊர்த் தமிழ்ச் சங்கத் தேர்தல் கதைதான் உங்களுக்கே தெரியுமே. எங்கள் அணியில் நின்று, எங்கள் காசில் பிளாஸ்டிக் போர்டு அடித்து, வோட்டுக்கு மூன்று நாள் முன்பு எதிரணிக்குத் தாவி, ஜெயித்துத் தலைவரும் ஆனாரே, அவர் படம் போட்டது. அகலம் 24 அங்குலம், உயரம் 18. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 6 அங்குலம் நறுக்கினால் கூண்டின் நடுத் தடுப்பு அளவெடுத்தது போல் உட்கார்ந்துவிட்டது. திருப்பி வைக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் அச்சு. பெயின்ட் வாசனை ஆகாது என்று பையன் தடுத்துவிட்டான். ஆக, பெரிய கொண்டை பக்கம் மூன்று தலைவர், சின்னக் கொண்டை பக்கம் மூன்று தலைவர். ஒரு மணி நேரத்தில் இரண்டும் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டன. அவர் முகத்தைப் பார்த்து ரத்தக்கொதிப்பு இறங்கிய ஜீவன்கள் உலகத்திலேயே இவை இரண்டுதான்.

நேற்றைக்கு வருவோம். மனைவி ஓடிப்போய் ஒரு பெட்ஷீட்டைக் கூண்டின்மேல் போட்டாள். நான் கதவைத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பையன் மாடியிலிருந்து, "அம்மா, லைட்டு சூடு, தீப்பிடிச்சிரும்!" என்று கத்தினான். பதறிப்போய் முதலில் பாய்ந்தவர் அவர்தான். பெட்ஷீட்டை இழுத்தார். சிலைத் திறப்பு விழா மாதிரி இருந்தது.

யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் அவரையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதானா தம்பி அது? உங்களைப் பாத்துப் பாத்துத்தான் இதுங்க ரெண்டும் கலர் மாறுதுங்க" என்றாள். சத்தியமாகப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

மனைவி காபி போடப் போய்விட்டாள். எனக்கும் சமையலறையில் வேலை இருந்திருக்கலாம்.

அவர் கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். பெரிய கொண்டை ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் போர்டையும் பார்த்தது. "நம்ம அணி போர்டுல்ல சார் இது? எல்லாரும் கிழிச்சுப் போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க ஒருத்தர்தான் வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க." குரல் கொஞ்சம் கம்மியது. கூண்டோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். நான் இருபத்தைந்து டாலர் டிக்கெட் நாலு வாங்கினேன், வேறென்ன செய்ய.

காபி முடிந்து வாசல் வரை போனவர் திரும்பினார். அவர் பெண்ணும் ஒரு வருஷமாகப் பச்சோந்தி கேட்கிறாளாம். "கூண்டு இவ்வளவு அம்சமா இருக்கே, வர்ற சனிக்கிழமை நம்ம வீட்டுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க சார். போர்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, கராஜுல நாப்பது கிடக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு அணியோடதும் இருக்கு. எது வேணும்?"