டேட்டாபேஸ் இருக்கிறது, ஃபைல் எங்கே?

பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றுக்கு மாறுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. என்னிடம் வந்த பங்கு சின்னதாகத் தெரிந்தது. ஒவ்வொரு மெஷினிலும் எந்த டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் இருக்கிறது, அதன் ஃபைல்கள் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். சி ஷார்ப்பில் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். மூன்று வாரம் பிடித்தது.

முதல் முயற்சியில் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து பெயரைத் தேடினேன். எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) என்ற ஃபோல்டர் இருந்தால் சர்வரும் இருக்கும் என்று நினைத்தது தவறு. சர்வரோடு பேச உதவும் கிளையன்ட் டூல்களை மட்டும் நிறுவினாலும் அந்த ஃபோல்டர் வந்துவிடும். பைதான் வைத்திருப்பவர் மெஷினில் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் தானாகவே இருக்கும், ஆனால் நிறுவியதற்கான தடயம் எதுவும் இருக்காது.

அடுத்து, மெஷினைப் பற்றிய விவரங்களை விண்டோஸிடம் கேட்டுப் பெற உதவும் டபிள்யூஎம்ஐ பக்கம் போனேன். வின்32 ப்ராடக்ட் என்ற கிளாஸைக் கேட்டால் நிறுவப்பட்டவற்றின் பட்டியல் வரும். ஆனால் அதைக் கேட்பது வெறும் வாசிப்பு இல்லை. எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக நிறுவிய ஒவ்வொரு பேக்கேஜையும் அது சரிபார்க்கத் தொடங்கும், குறை தெரிந்தால் சரிசெய்யவும் முனையும். என் புரோகிராம் ஓடி முடித்தபின் விண்டோஸ் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவன்ட் லாகைத் திறந்தால் 1035 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள். பார்த்துவிட்டு வர அனுப்பிய ஆள் பொருட்களை எல்லாம் நகர்த்திவிட்டு வந்தது போல இருந்தது. அன்றே அந்த வரியை அழித்தேன். அடுத்தவர் மெஷினில் ஓடப்போகும் புரோகிராம் படிக்க மட்டும்தான் வேண்டும், எதையும் தொடக் கூடாது.

விண்டோஸ் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்கு வந்த பிறகுதான் பிடி கிடைத்தது. அதன் பெரிய கிளையான லோக்கல் மெஷின் ஹைவில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்று இறங்கினால் இன்ஸ்டன்ஸ் நேம்ஸ் என்ற கீ இருக்கும். அதற்குள் எஸ்க்யூஎல் என்ற கீயில் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸின் (ஒரே மெஷினில் தனித்தனியாக நிறுவிய சர்வரின்) பெயரும், அதற்கு எதிரே அதன் ஐடியும் இருக்கும். ஐடி எம்எஸ்எஸ்க்யூஎல்15 என்று தொடங்கினால் அது 2019 பதிப்பு, 16 என்றால் 2022. முதலில் அந்த எண்ணை நேராக முழு எண்ணாக மாற்றினேன். 2008 ஆர்2 பதிப்பு இருந்த மெஷினில் புரோகிராம் விழுந்தது, ஏனென்றால் அங்கே 10_50 என்று எழுதியிருக்கும்.

என் மெஷினில் எல்லாம் அழகாக ஓடியது. இன்னொரு மெஷினில் கொண்டுபோய்ப் போட்டால் 'எதுவும் இல்லை' என்றது. அங்கே சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் பயன்படுத்திக்கொண்டும் இருந்தார்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரை ஒரு பக்கம் திறந்து வைத்தேன், என் புரோகிராமை டீபக்கரில் மறுபக்கம் வைத்தேன். எடிட்டரில் கண் முன்னால் இன்ஸ்டன்ஸ் நேம்ஸ் தெரிகிறது. என் கோடில் அதே பாதை, எழுத்துக்கு எழுத்து அதே பாதை, நல், அதாவது ஒன்றுமில்லை என்று வருகிறது. ஸ்பெல்லிங்கைப் பலமுறை பார்த்தேன். பர்மிஷனைச் சந்தேகித்து அட்மினாக ஓட்டியும் பார்த்தேன்.

கடைசியில் காரணம் பில்டு செட்டிங்கில் இருந்தது. அந்தக் காப்பியை 32 பிட்டாகப் பில்டு செய்திருந்தேன். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் சாஃப்ட்வேர் கீயைக் கேட்டால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வாவ்6432நோட் என்ற வேறு கிளைக்குத் திருப்பிவிடும். அந்தக் கிளையில் 64 பிட் சர்வரின் இன்ஸ்டன்ஸ் இல்லை. டாட்நெட் 4 முதல் இதற்கு ரெஜிஸ்ட்ரி வியூ என்ற வசதி உண்டு. ரெஜிஸ்ட்ரி64 என்றும் ரெஜிஸ்ட்ரி32 என்றும் குறிப்பிட்டு இரண்டு பார்வையையும் திறந்து, இரண்டிலும் தேடி, விடைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிழைச்செய்தி எதுவும் வராமல் 'இல்லை' என்று மட்டும் பதில் வந்ததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. அந்தப் பதிலை நம்பியிருந்தால் அந்த மெஷின் கழிக்கும் பட்டியலுக்குப் போயிருக்கும்.

இன்ஸ்டன்ஸ் கிடைத்தபின் ஃபைல் இருக்கும் இடம். ஐடியின் கீழே எம்எஸ்எஸ்க்யூஎல்சர்வர் கீயில் டீஃபால்ட்டேட்டா என்ற மதிப்பு இருக்கும் என்று படித்திருந்தேன். பல மெஷின்களில் அது இல்லவே இல்லை, காரணம் அந்த அமைப்பை யாரும் மாற்றியிருக்கவில்லை. அப்போது பக்கத்தில் இருக்கும் செட்டப் கீயில் எஸ்க்யூஎல்டேட்டாரூட் மதிப்பைப் பார்க்க வேண்டும். இன்னும் உறுதியான இடம் பாராமீட்டர்ஸ் கீ. அதில் எஸ்க்யூஎல்ஆர்க்0 என்ற மதிப்பு மைனஸ் டி என்று தொடங்கி, அதைத் தொட்டபடியே மாஸ்டர் டேட்டாபேஸின் முழுப் பாதையையும் வைத்திருக்கும். சர்வர் தொடங்கும்போது தானே படித்துக்கொள்கிற வரி அது, அதனால் நம்பலாம்.

எஸ்க்யூஎல் சர்வரின் சிறிய வடிவமான லோக்கல் டிபி மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. அதற்குப் பின்னணியில் ஓடும் சர்வீஸ் கிடையாது, ரெஜிஸ்ட்ரியிலும் தனிக் கீ. ஃபைல்கள் அந்தந்த யூசரின் புரொஃபைலுக்குள் இருக்கும் என்பதால் ஒவ்வொரு யூசராகப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

வேறு இரண்டு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்களான போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் ரெஜிஸ்ட்ரியில் தங்கள் இடத்தை எழுதி வைக்கத்தான் செய்கின்றன. ஆனால் இன்ஸ்டாலர் வழியாக நிறுவினால்தான். ஜிப் ஃபைலைப் பிரித்துப் போட்டு ஓட்டியவர்கள் இருந்தார்கள். அதனால் வழியை மாற்றி சர்வீஸ்களின் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் இமேஜ்பாத் என்ற மதிப்பு இருக்கும், விண்டோஸ் அந்த சர்வீஸை எந்தக் கட்டளையால் தொடங்குகிறது என்பது அதில் அப்படியே இருக்கும். சர்வீஸின் பெயரை யாரும் எப்படியும் வைத்திருக்கலாம், எக்ஸ்ஈ பெயரை அவ்வளவாக யாரும் மாற்றுவதில்லை. எனவே பிஜி_சிடிஎல், மைஎஸ்க்யூஎல்டி, எஸ்க்யூஎல்சர்வர் என்ற மூன்று பெயர்களைத் தேடினேன்.

போஸ்ட்கிரஸ் சர்வீஸின் அந்த வரியில் பெரிய டி போட்ட ஸ்விட்சுக்குப் பிறகு டேட்டா ஃபோல்டரின் பாதை வெளிப்படையாக இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு படி கூடுதல். வரியில் டீஃபால்ட்ஸ் ஃபைல் என்று மை.ஐஎன்ஐயின் பாதை வரும், அதைத் திறந்து டேட்டாடிர் என்ற வரியைப் படிக்க வேண்டும். பாதையில் சாய்கோடுகள் முன்பக்கம் சாய்ந்திருக்கும், மாற்றிக்கொள்ள வேண்டும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியும் அதே எக்ஸ்ஈ பெயரில் வரலாம் என்பதால், எக்ஸ்ஈயையே வெர்ஷன் ஸ்விட்சுடன் ஓட்டி விடையைப் படித்தேன். இமேஜ்பாத்தை இடைவெளியை வைத்துப் பிரித்தால் ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரிலேயே உடைந்துவிடும். மேற்கோள் குறிகளை மதித்து எழுத்து எழுத்தாகப் படிக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். மொத்தப் புரோகிராமிலும் அதிகமாக டெஸ்ட் எழுதியது அந்த ஒரு ஃபங்ஷனுக்குத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது தொடக்க இடம் மட்டுமே. ஒரு டேட்டாபேஸின் ஃபைலை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தால் ரெஜிஸ்ட்ரிக்கு அது தெரியாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடமே கேட்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் சிஸ்.மாஸ்டர்_ஃபைல்ஸ் என்ற வியூ ஒவ்வொரு ஃபைலின் பாதையையும் தரும். போஸ்ட்கிரஸில் ஷோ டேட்டா_டைரக்டரி, கூடவே டேட்டாவை வேறு இடங்களில் வைக்க உதவும் டேபிள்ஸ்பேஸ்களையும் விசாரிக்க வேண்டும். இதில் ஒரு பள்ளம் உண்டு. போதிய பர்மிஷன் இல்லாத லாகினில் சிஸ்.மாஸ்டர்_ஃபைல்ஸைக் கேட்டால் பிழை வராது, வரிசைகள்தான் குறைந்து வரும். பதில் வந்துவிட்டதே என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் முதலில் பர்மிஷனைச் சோதித்துவிட்டு, இல்லையென்றால் 'முழுமையாகப் பார்க்க முடியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுத வைத்தேன்.

ஒரு மெஷினில் மட்டும் எந்த வழியும் பலிக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் எதுவும் இல்லை, சர்வீஸ் இல்லை, பதில் சொல்ல ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் இல்லை. ஆனால் இரண்டாவது டிரைவில் இடம் நிறையப் போயிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று டிரைவ் முழுக்க ஒரு தேடல் சேர்த்தேன். போஸ்ட்கிரஸின் ஒவ்வொரு டேட்டா ஃபோல்டரிலும் பிஜி_வெர்ஷன் என்ற சின்ன ஃபைல் இருக்கும், அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதோடு ஒவ்வொரு ஃபைலின் முதல் 16 பைட்டையும் படித்து, எஸ்க்யூலைட் ஃபார்மட் 3 என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பார்க்கும், ஏனென்றால் எஸ்க்யூலைட் ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் எதுவாகவும் இருக்கலாம்.

தேடல் ஒரு பேக்கப் ஃபோல்டருக்குள், அதற்குள் இன்னொரு ஃபோல்டருக்குள் போய் நின்றது. பிஜி_வெர்ஷனைத் திறந்தேன். ஒரே வரி: 9.6. யாரோ பழைய டிஸ்கிலிருந்து டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வைத்திருக்கிறார்கள், சாஃப்ட்வேரை நிறுவாமலே விட்டுவிட்டார்கள். அந்த மெஷின் மறுநாள் ஃபார்மட் ஆக வேண்டியது.

டேட்டா ஃபோல்டரை அதே பெரிய பதிப்பின் சர்வரால்தான் திறக்க முடியும். ஃபோல்டரை முதலில் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்தோம். 9.6இன் பைனரிகளை வேறு மெஷினில் பிரித்துப் போட்டு, காப்பியின் மேல் சர்வரைத் தொடங்கினோம். லாகில் 'கனெக்ஷன்களை ஏற்கத் தயார்' என்ற வரி வந்ததும் டேட்டாவை வெளியே எடுத்து எழுதும் பிஜி_டம்ப் ஓட்டினேன். முடியும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.