24 காரட்டிலும் ஒளிந்திருக்கும் வெள்ளி

தங்கக் காசு ஒன்றை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 999.9 என்று பொடியாக அடித்திருக்கிறது. சரி, ஆயிரத்தில் அந்த மிச்சம் 0.1 என்ன, அதையும் எடுத்துவிட வேண்டியதுதானே?

புடம் போட்ட தங்கம் என்று வாய் நிறையச் சொல்கிறோம், ஆனால் தீயால் எல்லாம் ஆகாது. தங்கத்தை ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலில் செய்த சின்ன மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில் வைத்து உலையில் ஏற்றினால், ஈயம் ஆக்சைடாகி, செம்பையும் கூட்டிக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடும். கடைசி ஈயமும் போகிற நொடியில் மங்கலாகக் கிடந்த உலோக மணி சட்டென்று பளிச்சிடும். ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், கண் சிமிட்டினால் தவறிவிடும். ஆனால் அந்த மணிக்குள் வெள்ளி அப்படியே இருக்கும், அதுவும் தீக்கு அசையாத ஜாதி. அதைக் கரைக்க நைட்ரிக் அமிலம் வேண்டும். வெள்ளி குறைவாக இருந்தால் அமிலம் உள்ளே நுழையாது என்பதால், வெள்ளியை எடுப்பதற்காகவே முதலில் இன்னும் கொஞ்சம் வெள்ளியைப் போட்டு உருக்குகிறார்கள்!

உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவை ஊதி, வெள்ளியையும் மற்ற அழுக்கையும் குளோரைடாக்கிப் பிரிக்கும் முறைக்கு 1867இல் மில்லர் என்பவர் காப்புரிமை வாங்கினார். 99.5 சதவீதம் சுலபமாக வரும், விடாமல் ஊதிக்கொண்டே போனால் தங்கமே குளோரைடாகிப் புகையோடு கிளம்பிவிடும். அப்புறம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வோல்வில் என்பவர் மின்பகுப்புக்குப் போனார், அதாவது தங்கத் தகட்டைக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்திப் பிரிப்பது. வெள்ளி சேறாக அடியில் படியும், பிளாட்டினம் கரைசலிலேயே தங்கிவிடும், தங்கம் மட்டும் எதிர்த் தகட்டில் வந்து ஒட்டும். 99.99 இப்படித்தான் வருகிறது.

1957இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை 99.9999 சதவீதம் வரை போனது. அதிலும் ஒரு கிராமுக்கு சுமார் 30 கோடிக் கோடி அந்நிய அணுக்கள் இருக்கும். ஒவ்வொரு ஒன்பதைக் கூட்டவும் மிச்ச அழுக்கைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும், அந்த நிலையில் மூசையும் அமிலமும்கூடத் தங்கள் பங்குக்கு எதையாவது கலந்துவிடும்.

எனக்கு இதைவிட வியப்பு, அளக்கிற விதம்தான். இவ்வளவு சுத்தமான தங்கத்தில் யாரும் தங்கத்தை அளப்பதில்லை. வெள்ளி எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று அழுக்கை மட்டும் தேடிப் பிடித்து நூறிலிருந்து கழிக்கிறார்கள். தேடாத உலோகம் கணக்கிலேயே வராது, அதுவும் தங்கமாகவே எண்ணப்படும்.

இவ்வளவு பாடுபட்ட தங்கத்தை மின்னணுச் சில்லுக்குள் முடியை விட மெல்லிய கம்பியாக இழுக்கும்போது, வேண்டுமென்றே பெரிலியமோ கால்சியமோ துளி சேர்க்கிறார்கள், சுத்தமாகவே விட்டால் கம்பி துவண்டுவிடுமாம்.