சாரல் மாதக் குறிப்புகள், புளியரை

ஜூலை 1

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், சன்னலோரமாகக் கட்டில் போட்டிருக்கிறோம். ஒன்பது நாள் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்ததுமே ஈரவாடை.

அவர்கள் தூங்கிய பிறகு கழிப்பறை அலமாரியைத் திறந்தேன். பினாயிலை எடுத்தேன். பிளீச்சிங் பவுடரை எடுத்தேன். ஆசிட் பாட்டிலைத் தொடக் கை வரவில்லை. அப்புறம் பழைய துணியைச் சுற்றி எடுத்துப் போய் விறகுப்புரையில், உயரத்தில், தனியாக வைத்துப் பூட்டினேன்.

புகை கூடாது, தூசி கூடாது, ஊதுபத்தி கூடாது, பினாயில் வாடை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு எதைக் கொண்டு வீட்டைத் துடைப்பது என்று அதில் இல்லை.

ஜூலை 2

வெந்நீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. தரைக்கு இது போதும்.

துடைக்க மாமாவின் வேட்டியை எட்டாகக் கிழித்தேன். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, தண்ணீரை அப்படியே இழுக்கிறது. கிழிக்கும்போது அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், "கரையைத் தனியா எடுத்து வை" என்றார்கள். எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 4

பூந்திக்கொட்டையை இடித்துப் பொடியாக வைத்துக்கொண்டால் பாத்திரம், துணி, தரை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்தேன். அடுக்களைக் கதவைச் சாத்தாமல் உரலில் இட்டு நாலு இடிதான் இடித்திருப்பேன். எனக்கே தும்மல். பட்டாசலில் அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்பை இரண்டு தடவை அழுத்தி, முதுகைத் தடவி, அரைமணி நேரம். மூச்சு இறங்கும்போது வரும் அந்த விசில் சத்தம் நின்ற பிறகுதான் எழுந்தேன்.

கடையில் வாங்கியதுதான் ஆகாது, வீட்டில் செய்தது எல்லாம் ஆகும் என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டேன். பூந்திக்கொட்டைத் தூள் மூக்கில் ஏறினால் அதுவும் எரிச்சல்தான். சாம்பலும் அப்படித்தான், பறக்கும்.

சாயங்காலம் மீதிக் கொட்டைகளை முழுசாகவே ஊறப்போட்டேன். காலையில் கொதிக்க வைத்துப் பிசைந்து வடிகட்டிக்கொள்ளலாம். தண்ணீராக இருந்தால் பறக்காது.

ஜூலை 5

சனி. இவர் புனலூரிலிருந்து வந்தார், கையில் இரண்டு அன்னாசி. பழத்தை அத்தைக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டுத் தோலைக் கழுவி எடுத்துக்கொண்டேன். இரண்டு லிட்டர் கோலா பாட்டிலில் நூறு கிராம் வெல்லம், முந்நூறு கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். ஒன்றுக்கு மூன்றுக்குப் பத்து, அதுதான் கணக்கு. மேலே இடம் விட்டிருக்கிறேன். கண்ணாடி பாட்டிலில் போடக்கூடாது, வாயு சேர்ந்து வெடித்துவிடும். முதல் ஒரு மாதம் தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். மூன்று மாதம் கழித்து வடிகட்டி, நிறையத் தண்ணீர் கலந்து, சிங்க் துடைக்கலாம், தரை துடைக்கலாம்.

தொண்ணூறாவது நாள் அக்டோபர் 3. காலண்டரில் வட்டம் போட்டேன். அதென்ன என்று இவர் கேட்டார். தோல் தண்ணீர் என்றேன். இவரிடம் சொல்ல வேண்டியது அது இல்லை.

ஜூலை 6

மூடியைத் திறந்தேன். சத்தம் இல்லை.

ஜூலை 8

'உஸ்' என்றது.

ஜூலை 9

பம்போடு வைத்து உறிஞ்சும் அந்தப் பிளாஸ்டிக் குழலைக் கழுவ வேண்டிய நாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடச் சொன்னார் நர்ஸ். துணியால் துடைத்தால் உள்பக்கம் மின்சாரம் மாதிரி ஏறி, மருந்து குழலிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். இதற்கு மட்டும் பூந்திக்கொட்டை கிடையாது, சொன்னபடிதான்.

ஆனால் எப்படிக் காயும்? காலையிலிருந்து சாரல் விடவில்லை. நேற்று விரித்த பாவாடையைப் பிழிந்தால் இன்றைக்கும் தண்ணீர் வரும். குழலைக் கம்பித் தட்டில் நிறுத்தி வைத்தேன். மத்தியானம் பார்த்தேன், உள்ளே துளி. நாலு மணிக்குப் பார்த்தேன், துளி. ஃபேனுக்குக் கீழே வைத்தேன். ஏழு மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரே ஒரு துளி, ஓரத்தில். அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ஒரு துளிக்கு.

ஏழு அடிக்கும்போது காய்ந்திருந்தது. இனி முந்தின நாள் ராத்திரி மருந்து கொடுத்ததுமே கழுவி வைத்துவிட வேண்டும்.

ஜூலை 11

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அரிசி களைந்த தண்ணீர் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு. பிழிந்த எலுமிச்சை மூடியும் உப்பும் குழாயின் உப்புக்கறைக்கு. ஃபிளாஸ்கின் அடிக்கறைக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுக் குலுக்க வேண்டும். பீர்க்கங்காயில் ஒன்றைக் கொடியிலேயே முற்றவிட்டிருக்கிறேன், தேய்க்கக் கூடு கிடைக்கும். பால் கவர்களைக் கழுவிச் சுவரில் ஒட்டினேன், காய்ந்து அதுவாக விழுந்ததும் எடுத்துச் சேர்க்கிறேன், கிலோ கணக்கில் எடுக்கும் கடை இருக்கிறது. இதெல்லாம் எத்தனை ரூபாய் மிச்சம் என்று கேட்டால் தெரியாது. கை சும்மா இருக்கக்கூடாது, அதுதான்.

ஜூலை 13

எதிர்வீட்டு மதினி ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றினால் சிங்க் பளிச்சென்று ஆகும் என்றார். ஊற்றினேன். நுரை பொங்கியது.

கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். வாசலில் நின்ற பிறகுதான் அத்தையை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பி ஓடினேன். அவர்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் நுரை அடங்கி, வெறும் தண்ணீர்.

இந்த நுரையால் ஒன்றும் ஆகாது. குடிக்கிற சோடாவில் வருகிற கரியமில வாயுதான். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்க்கலாம், வினிகரைத் தனியாகத் தடவலாம், சேர்த்து ஊற்றுவது வீண். எல்லாம் இப்போது தெரிகிறது. அந்த வியாழக்கிழமை ஏன் தெரியவில்லை? கறை போகவில்லை என்று பிளீச்சிங்கின் மேலேயே ஆசிட்டையும் ஊற்றி, வாடை வெளியே வரக்கூடாது என்று கதவையும் சாத்தி வைத்தேன். அத்தைக்கு அவசரம், கதவைத் திறந்தார்கள்.

"வீட்டில் எதாவது மருந்து, ஸ்பிரே அடிச்சீங்களா?" என்று அன்றைக்கு டாக்டர் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

ஜூலை 14

மூடி. உஸ்.

ஜூலை 17

ஆடி பிறப்பு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். அத்தை கட்டிலில் இருந்தபடியே, "திரிக்குழிக்கு வேட்டிக் கரையைச் சுத்தி விட்டுத் தேய்ளா" என்றார்கள். எதற்கு எடுத்து வைக்கச் சொன்னார்கள் என்று இப்போது புரிந்தது. குரலில் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது.

பேச்சும் வந்தது. அவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்ததாம். 1956 நவம்பரில்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. அவர்கள் அம்மா வருஷாவருஷம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் சாரலுக்குக் காத்திருப்பார்களாம்.

விளக்குக்கு ஒரே ஒரு திரி, அதுவும் ஐந்து நிமிஷம்தான். புகை.

ஜூலை 20

பட்டாசல் வடக்குச் சுவரில், கட்டிலுக்குப் பின்னால் பூசணம். கறுப்புக் கறுப்பாக, உள்ளங்கை அகலம். கட்டிலை இழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. இத்தனை நாளும் இதைத்தான் மூச்சில் இழுத்திருக்கிறார்கள்.

உலர்ந்தபடி தேய்த்தால் பொடி காற்றில் பரவும். அத்தையை மதினி வீட்டில் உட்கார வைத்துவிட்டு, இவர் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அந்தத் துணியைத் திரும்பப் பயன்படுத்தவில்லை. வேட்டித் துண்டில் ஒன்று போயிற்று, போகட்டும். முற்றத்தில் நீற்றி வைத்த சுண்ணாம்பை மேலே இரண்டு பூச்சு. சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் சீக்கிரம் பிடிக்காது. ஓட்டிலிருந்து ஒழுகும் இடத்தை அடைக்காவிட்டால் அதுவும் நிற்காது.

விறகுப்புரைச் சாவி எங்கே என்று கேட்டார், ஏணி எடுக்க. நானே போய் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 23

விசில் இல்லாத ராத்திரி. எழுந்து எழுந்து கேட்டேன். இல்லை.

ஜூலை 28

நாளைக்கு ரிவ்யூ. கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும்.

ஜூலை 29

சொல்லிவிட்டேன்.

அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், திட்டவில்லை. கதவு சாத்தியிருந்ததா, எவ்வளவு நேரம், கண் எரிந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். "குளோரின் வாயு. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா" என்றார். ஆமாம் என்றேன். ஊதச் சொல்லிப் பார்த்தார். போன தடவையைவிடத் தேவலை, பம்பை நிறுத்தக்கூடாது.

பஸ்ஸில் அத்தை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள். செங்கோட்டை வந்து, ஆள் இறங்கி ஏறி, வண்டி திரும்பக் கிளம்பின பிறகு, "அந்தப் பாட்டிலை எங்க வச்சிருக்க?" என்றார்கள்.

"விறகுப்புரையில, அத்தை. பூட்டி."

"அவன்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

முழங்காலில் இருந்த என் கையைத் தள்ளிவிட்டு, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். புளியரை வரை வேறு பேச்சு இல்லை.

ஜூலை 30

கஞ்சி குடித்தார்கள். உப்பு போதவில்லை என்றார்கள். அதை மட்டும்.

ஆகஸ்ட் 2

சனி. இருபத்தெட்டாவது நாள். உஸ் சத்தம் குறைந்துவிட்டது, தோலெல்லாம் மேலே மிதக்கிறது. பாட்டிலை ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்தேன்.

இவர் ரயில் ஏறிவிட்டாராம். விறகுப்புரைச் சாவியை எடுத்து அடுக்களை மேடையில் வைத்திருக்கிறேன்.