வேனுக்கும் கேம்பர்வேனுக்கும் காற்றடிக்கும் கம்ப்ரசர்: பெட்டியில் போட்ட எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரிலிருந்து துவாஸ் வழியாகவோ உட்லண்ட்ஸ் வழியாகவோ குடும்பத்தோடு மலேசியா கிளம்புகிறவர்கள், வண்டியில் வைத்துக்கொள்ளக் கையடக்கக் கம்ப்ரசர் தேடுவது வழக்கம். எந்தப் பெட்டியை எடுத்தாலும் ‘150 பிஎஸ்ஐ’ என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு. அந்தப் பம்ப் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்ச அழுத்தம் அது. உங்கள் டயரை எத்தனை நிமிடத்தில் நிரப்பும், எத்தனை டயர் வரை ஓடும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் உங்கள் டயருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முன், பின் டயர்களுக்கான அழுத்தம் தனித்தனியாக இருக்கும். சாதாரண காருக்கு 32 முதல் 36 பிஎஸ்ஐ. அளவின் கடைசியில் ‘சி’ எழுத்து போட்ட வேன் டயர் என்றால், ஆளும் சாமானும் ஏற்றிய நிலையில் பின்பக்கம் 50, 60 வரை போகும். படுக்கை, சமையல் வசதியுள்ள கேம்பர்வேனுக்கென்றே வரும் ‘சிபி’ டயர்கள் 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ வரை கேட்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அந்த அளவுக்கு நிரப்பச் சொல்வதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்க்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காரின் பின்பக்கச் சாமான் அறையில் கிடக்கும் மெல்லிய தற்காலிக உபரி டயருக்கு 60 பிஎஸ்ஐ தேவை. அதை மறந்து 35-க்கு நிற்கும் பம்ப் வாங்கினால், அவசரத்தில் அந்த உபரி டயர் உதவாது.

அடுத்து கொள்ளளவு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 205/55 ஆர்16 அளவுள்ள கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கிறது. 25 பிஎஸ்ஐயில் இருப்பதை 33-க்கு ஏற்ற, வெளிக்காற்று 16 லிட்டர் போதும். எந்தச் சின்னப் பம்பும் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடும். 225/75 ஆர்16 அளவுள்ள கேம்பர்வேன் டயருக்குள் 55 லிட்டருக்குக் குறையாமல் இடம் உண்டு. அதை 60-லிருந்து 80-க்குக் கொண்டுபோக 75 லிட்டர் காற்று வேண்டும். அதுவும் உள்ளிருந்து 60, 70 பிஎஸ்ஐ எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது. பெட்டியில் ‘நிமிடத்துக்கு 35 லிட்டர்’ என்று இருந்தால், குழாயின் முனை எதிலும் மாட்டாமல் திறந்திருக்கும்போது எடுத்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் ஏற ஏற அந்த ஓட்டம் குறையும். 70 பிஎஸ்ஐயில் ஒரு பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் தருகிறது என்றால், ஒரு டயருக்கு ஏழரை நிமிடம், நாலுக்கு அரை மணி நேரம். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, “60 பிஎஸ்ஐயில் எவ்வளவு காற்று வரும்?” என்பதுதான். நல்ல தயாரிப்புகளின் கையேட்டில் அழுத்தவாரியாக அட்டவணை இருக்கும். அட்டவணை இல்லாத பம்பைக் காருக்கு வாங்கலாம். வேனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த அரை மணி நேரம் மோட்டார் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. கையேட்டில் ‘10 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் ஆறவிடவும்’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். சிலவற்றில் ‘100 பிஎஸ்ஐயில் 33 விழுக்காடு’ நேரம் ஓட்டலாம் என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கணக்கு. நம் ஊர் வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலைமேல் வைத்து ஓட்டினால் கையேட்டில் சொன்ன நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் முதலில் போவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். மோட்டார் சத்தம் மாறாமல் ஓடும், அழுத்தமானியின் முள் மட்டும் 45-இலோ 50-இலோ நின்றுவிடும். வளையம் தேய்ந்ததற்கு அதுதான் அடையாளம். அடுத்தது சிலிண்டர் வாயில் மாட்டிய குழாய் இளகிப் பிய்த்துக்கொள்வது. அந்த இடத்தில் பித்தளை இணைப்பும் பின்னல் உறை போட்ட குழாயும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓடி முடித்ததும் அங்கே கை வைக்காதீர்கள், சுட்டுவிடும்.

மின்சாரக் கணக்கும் முக்கியம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் பெரும்பாலும் இருக்கும். 120 வாட் பம்ப் 10 ஆம்பியர் இழுக்கும், அதுவரை சரி. வேன் டயருக்கு ஏற்ற பம்புகள் 20, 30 ஆம்பியர் இழுப்பவை. அவற்றைக் கவ்விகளால் நேரே பேட்டரியில்தான் மாட்ட வேண்டும். சிவப்பை முதலில், கறுப்பைப் பிறகு. சாக்கெட் முனையை வாங்கி ஒட்டு வேலை செய்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் வயர் சூடாகும். சிங்கப்பூரில் நின்ற வண்டியின் இன்ஜினைக் காரணமில்லாமல் ஓடவிடுவது குற்றம், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் புகையும் ஆபத்து. சின்னப் பம்புக்கு அது தேவையும் இல்லை. 10 ஆம்பியர் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டினால் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர்-மணிகூடப் போகாது. 30 ஆம்பியர் பம்பை இருபது நிமிடம் ஓட்டுவதென்றால் 10 ஆம்பியர்-மணி. பேட்டரி பழசாக இருந்தால் அதை வெட்டவெளியில், இன்ஜின் ஓடும்போது செய்வதே நல்லது.

நீளத்தைப் பலர் அளப்பதில்லை. வேனின் பேட்டரி முன்னால், பின்சக்கரம் மூன்று நான்கு மீட்டர் தள்ளி. மின்வயரை நீட்டினால் வோல்ட் இறங்கும், மோட்டார் சோர்ந்துபோகும். காற்றுக்குழாயை நீட்டினால் அந்தத் தொல்லை இல்லை. எனவே வயர் குட்டையாகவும் குழாய் நீளமாகவும் இருக்கும் பம்பை எடுங்கள். கிளம்புமுன் நாலு சக்கரத்துக்கும் குழாய் எட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த கம்பியில்லாப் பம்புகள் காருக்கு அருமையானவை, 60 பிஎஸ்ஐ வேனுக்கு ஒரு சக்கரத்திலேயே மூச்சு வாங்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அவற்றை விட்டுவைக்காதீர்கள். அந்தச் சூடு பேட்டரியை வீணாக்கும், வீங்கவும் வைக்கும். நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் இந்த வகையைக் கொண்டுபோனால், கழற்ற முடிந்த பேட்டரி என்றால் அதைத் தனியாக எடுத்துக் கைப்பையில் வையுங்கள். கழற்ற முடியாததாக இருந்தால் விமான நிறுவனத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நிரப்பும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக்கூடாது. தனி அளவுமானியால் நாலையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் ஓடும்போது அதன் முள் குழாயிலுள்ள அழுத்தத்தையும் சேர்த்து அதிகமாகக் காட்டும், நிறுத்திவிட்டுத்தான் படிக்க வேண்டும். கையால் அணைக்கும் பம்பாக இருந்தால், மோட்டாரை ஓடவிட்டுவிட்டு முனையை வால்வில் மாட்டுங்கள். 60 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது ஓடத் தொடங்கினால் மோட்டார் மின்சாரத்தை அள்ளி இழுத்து ஃபியூஸை எரித்துவிடும். தானாக நிற்கும் டிஜிட்டல் வகைக்கு முதலில் மாட்ட வேண்டியிருக்கும், கையேட்டின்படி செய்யுங்கள். திருகும் முனை உறுதியானது, ஆனால் கழற்றும்போது கொஞ்சம் காற்று போகும். ஒரு பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றிவிட்டுக் கழற்றி, மானியால் சரிபாருங்கள். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே இரவு நேரத்தில் இந்த வேலை வேண்டாம், பம்பின் சத்தம் நாலு மாடி கேட்கும்.

மலேசிய நெடுஞ்சாலையில் பாகோ ஓய்விடத்தில் நிறுத்தி அழுத்தம் பார்த்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஓடிச் சூடான டயருக்கு அது இயல்பு, காற்றை இறக்காதீர்கள். ஒரு டயர் மட்டும் அதே அச்சிலுள்ள ஜோடியைவிட 4, 5 குறைவாக இருந்தால் ஆணி ஏறியிருக்கலாம், தேடிப் பாருங்கள். கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் மானி இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் கூடுதலாகக் காட்டும். அதே நேரம் குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டும் ஈடாகிவிடுவதால் அங்கே பம்பை எடுக்கவே தேவையில்லை.

அழுத்தம் காட்டும் சென்சார் பொருத்திய அலுமினிய வால்வுகளில் பித்தளை மூடி போடாதீர்கள். நம் ஈரக்காற்றில் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும், திருகினால் வால்வே ஒடிந்து வரும். பிளாஸ்டிக் மூடியே போதும். பித்தளைப் பம்ப் முனையையும் காற்றடித்த உடனே கழற்றிவிடுங்கள்.